நாகலாபுரம் பக்கத்து ஊர்தான்: ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரப் பள்ளிகளில் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,



கே. ஸ்ரீநிவாசுலு என்ற ஓவியரை உங்கள் வகுப்பறைக்குள் அழைத்து வரச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன். 1923இல் சென்னையில் பிறந்தவர். பிள்ளைப் பருவம் நாகலாபுரத்தில் கழிந்தது. நகரியைத் தாண்டி, பிச்சாட்டூர் வழியாகப் போனால் வரும் அதே நாகலாபுரம்தான். மச்சாவதாரப் பெருமாளாக வேதநாராயணர் நிற்கும் ஊர். பங்குனியில் மூன்று நாள் மாலை வெயில் கருவறைக்குள் வந்து விழுவதைப் பார்க்க நம் ஊர்க்காரர்களும் போவதுண்டு. அந்த ஊர்த் தெருவில் பொம்மைகளையும் தோல்பாவைக் கூத்தையும் திருவிழாக்களையும் பார்த்து வளர்ந்த ஒரு சிறுவன், பின்னாளில் தென்னாட்டின் நவீன ஓவியத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்தான். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாடப்புத்தகத்தில் ரவி வர்மா பெயர் தெரியும். பிகாசோ பெயர்கூடத் தெரியும். நாகலாபுரத்துக்காரர் பெயர் தெரியாது.

அவர் ஏன் நம் நினைவில் இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. அவர் சிறுவனாக இருந்தபோது திருத்தணியும் நாகலாபுரமும் சென்னை மாகாணத்துக்குள் இருந்தன. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் அவர்களோடு நின்றவர்களும் நடத்திய எல்லைப் போராட்டத்தால் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்மிடம் வந்து சேர்ந்தது. அந்தப் போராட்டத்துக்கு நாம் பட்ட கடன் பெரிது. நான் தமிழ்ப் பள்ளியில் தமிழ் படித்ததே அதனால்தான். ஆனால் நிலத்தைப் பிரித்த அந்தக் கோடு, கேட்பாரில்லாமல், நினைவையும் பிரித்துவிட்டது. சென்னையில் படித்துச் சென்னையில் வாழ்ந்தவரைத் தெலுங்கர்கள் சென்னைக்காரர் என்று விட்டார்கள். நாகலாபுரத்தில் வளர்ந்தவரை நாம் தெலுங்கர் என்று விட்டோம். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் பாதிப் பேர். அவர்கள் முன்னால் அவரை இரண்டு பக்கத்துக்கும் சொந்தமானவராகவே நிறுத்தலாம்.

அவர் செய்தது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சென்னைக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே அவருக்கு ஆசிரியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ராய் சௌத்ரியின் கை, தசையும் நரம்பும் எலும்பும் அப்படியே தெரியும்படி உருவம் அமைக்கும் கை. அந்த ஆசிரியரிடம் பயின்ற மாணவர் அதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தார். வங்காளத்து ஜாமினி ராயின் படங்கள் அவருக்குத் தைரியம் கொடுத்தன. ஜாமினி ராய் (1887–1972) ஐரோப்பிய முறையில் முகப்படம் எழுதிப் பெயர் வாங்கியவர். அதை விட்டுவிட்டு காளிகாட் படக்காரர்களின் கோட்டுக்கும் கிராமத்துப் பொம்மையின் கண்ணுக்கும் திரும்பியவர். அவர் வங்கத்துக் கிராமத்தைப் பார்த்தார் என்றால், நான் என் கிராமத்தைப் பார்க்கிறேன் என்று திரும்பியவர் ஸ்ரீநிவாசுலு. திரும்பிய இடத்தில் அவருக்குக் கிடைத்தவை லேபாட்சிக் கோயிலின் விதானச் சித்திரங்கள், தோல்பாவைகள், மரப்பொம்மைகள். பிறகு கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்தார். அவரும் உங்களைப் போல ஓர் ஓவிய ஆசிரியர்தான்.

அவர் படங்களில் வரும் பெண்ணுக்கு மீன்போல நீண்ட கண். முகம் பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும். கண் மட்டும் நேராக நம்மைப் பார்க்கும். உடம்பு நீண்டு, ஒரே வண்ணத்தில் தட்டையாக நிற்கும். அதைக் கனமான கோடு சுற்றி வளைத்திருக்கும். கண்ணன், கோபியர், காளை, மேளக்காரர், திருவிழாவுக்குப் போகிற பெண்கள் எல்லாரும் அந்த உலகத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். கடவுளுக்குப் பெரிய கண், மாடு மேய்ப்பவளுக்குச் சிறிய கண் என்ற வேற்றுமை அங்கே கிடையாது.

இதில் நவீனம் எங்கே இருக்கிறது என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். லேபாட்சியிலும் இதே கண்தானே, பாவையிலும் இதே பக்கவாட்டு முகம்தானே என்பீர்கள். நியாயமான கேள்வி. என் பார்வையைச் சொல்கிறேன். தோல்பாவையின் முழங்கை ஒரு கோணத்தில் மடங்குவதற்குக் காரணம் அங்கே ஒரு மூட்டு இருப்பது. அதைக் குச்சி ஆட்ட வேண்டும், விளக்கு வெளிச்சத்தில் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அசைவு தெரிய வேண்டும். ஓவியத்தில் ஆட்டவேண்டிய கை எதுவும் இல்லை. ஆனாலும் ஸ்ரீநிவாசுலு அந்தக் கோணத்தை வைத்துக்கொண்டார். குச்சியும் விளக்கும் கதை சொல்பவரின் குரலும் போன பிறகு மிஞ்சிய அந்த மடக்கு ஒன்றே முழுக் கதையின் வேகத்தையும் தாங்கி நிற்கிறது. லேபாட்சியில் ஓர் உருவம் அடுத்த உருவத்துக்கு வழி சொல்லும். கதை ஓடிக்கொண்டே இருக்கும். இவர் ஓட்டத்திலிருந்து ஓர் உருவத்தைத் தனியே எடுத்து, சுற்றிலும் வெற்று நிறத்தை விட்டு, அங்கேயே நிற்கவைத்தார். தட்டையான வண்ணம் பழைய சித்திரக்காரனுக்கு வழிவழியாக வந்த முறை. நிழலும் தூரமும் தீட்டக் கற்றுக்கொண்டு, அதன் பிறகு அதை வேண்டாம் என்று விட்ட இவருக்கோ அது தேர்ந்தெடுத்த முறை. இந்தத் தேர்வைத்தான் நான் நவீனம் என்கிறேன். நாட்டார் கலையைப் பார்த்து எழுதியிருந்தால் அவர் நல்ல நகலாளராக மட்டும் இருந்திருப்பார்.

இந்த வழியில் அவர் தனி ஆளும் இல்லை. கே.சி.எஸ். பணிக்கர் ஜாதகக் கட்டத்தையும் புரியாத எழுத்தையும் ஓவியமாக்கினார். 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, சுவாமிக்குச் சாத்தும் கவசத்தை நினைவூட்டும் உருவங்கள் செய்தார். ரெட்டப்ப நாயுடு கணபதியையும் மகாபாரதத்தையும் வேகமான தடித்த கோடுகளில் எழுதினார். அவர் நெசவாளர் சேவை மையத்திலும் வேலை செய்தவர் என்பதை அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டைப் பள்ளிகளில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குத் திரும்ப வருகிறேன்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். முருகனை வரை என்றால் நம் பிள்ளை எதை வரைகிறது? மயில், வேல், இரண்டு பக்கமும் இரண்டு தேவியர், பின்னால் மலை. அது காலண்டர் முருகன். கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தமிழ்நாட்டின் பூஜையறை முழுவதையும் நிரப்பிய படங்களின் வழி வந்தவன். அந்தப் படங்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என் வீட்டுச் சுவரிலும் அவைதான் இருக்கின்றன. ஆனால் அந்தப் படத்தைச் சிவகாசிப் பிள்ளையும் வரையலாம், சேலத்துப் பிள்ளையும் வரையலாம். திருத்தணிப் பிள்ளைக்குத் தினமும் கண்ணில் படும் முருகன் வேறு.

நம் மலையில் சந்நிதிக்கு எதிரே நிற்பது யானை. அதுவும் சுவாமியைப் பார்க்காமல் கிழக்கே வெளியைப் பார்த்து நிற்கிற யானை. தெய்வானைக்குச் சீதனமாக ஐராவதத்தைக் கொடுத்த பிறகு தேவலோகத்தின் செல்வம் குறைந்துபோனதாம். தன் உலகத்தின் பக்கம் அது பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும் என்று இந்திரன் கேட்டுக்கொண்டதாம். எவ்வளவு நல்ல கதை! பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பி நிற்கும் ஒரு யானை. இதை ஒரு பிள்ளை வரைந்து நான் பார்த்ததே இல்லை. கந்த சஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம் நடக்கும், இங்கே புஷ்பாஞ்சலி. சண்டை முடிந்து கோபம் தணிந்து வந்தவர் என்பதால் இங்கே போர் கிடையாது, பூதான். கோபம் தணிந்த முகத்தை எப்படி வரைவது? கண்ணைச் சிறிதாக்குவதா, புருவத்தை இறக்குவதா, வேலைக் கீழே வைப்பதா? ஒரு பாடவேளை முழுக்கப் பிள்ளைகள் அடித்துக்கொண்டு பேசுவார்கள். ஆடிக் கிருத்திகைக்கு 365 படிகளில் ஏறும் மலர்க்காவடிகளைக் கீழிருந்து பார்த்தால் மனிதர்கள் தெரிவதில்லை, படி படியாகப் பூவும் மஞ்சளும்தான் நகரும். உருவத்தை விட்டுவிட்டு வண்ணத்தையும் அசைவையும் மட்டும் எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஊரில் வேறு இல்லை.

இந்த மடலை நான் எழுதத் தொடங்கியதே திரௌபதியம்மன் கோவில் படுகளத்தை மனத்தில் வைத்துத்தான். தருமராஜா கோவில் என்று நாம் சொல்வோமே, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊருக்கு ஊர் இருக்கிறதே, அங்கே சித்திரை தொடங்கி ஆடி வரைக்கும் அக்கினி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. பகாசூரனுக்கு வண்டியில் சோறு போகும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசியில் துரியோதனன் படுகளம், அன்றைக்கே மாலையில் தீமிதி. படுகளத்துக்காக ஊர் மைதானத்தில் களிமண்ணும் மண்ணும் கொட்டித் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். ஒரு வீட்டின் நீளத்தைவிடப் பெரிய உடம்பு. மீசையும் கண்ணும் பல்லும் நகையும் வண்ணப்பொடியில் எழுதுவார்கள். கூத்தாடிகள் அந்த உடம்பின் மேலேயே ஏறிச் சண்டையிடுவார்கள். தொடை பிளந்த பிறகு திரௌபதி வந்து கூந்தல் முடிப்பாள். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய் நெல் குதிரில் போடுகிறவர்கள் உண்டு. மறுநாள் அங்கே வெறும் மண்மேடுதான்.

ஆசிரியர்களே, இந்த உருவத்தைப் பிள்ளைகளோடு நின்று பாருங்கள். தரையில் நிற்கிற கண்ணுக்கு அவன் முழுதாகத் தெரியவே மாட்டான். காலடியில் நின்றால் பாதம் மட்டும் மலைபோலத் தெரியும். தலைமாட்டுக்குப் போனால் மூக்கும் மீசையும். முழு உருவத்தை வரையவேண்டுமென்றால் பக்கத்து வீட்டு மாடியில் ஏறவேண்டும், அல்லது மனத்தால் ஏறவேண்டும். ஒரு பொருளை ஒரே இடத்தில் நின்று பார்க்காமல் பல இடத்திலிருந்து பார்த்து ஒரே தாளில் சேர்ப்பது பாரீஸில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய புரட்சியாகப் பேசப்பட்டது. நம் ஊரில் ஏழாம் வகுப்புப் பிள்ளை துரியோதனனைச் சுற்றி ஓடி அதைச் செய்துவிட முடியும். செய்துவிட்டு வந்த பிறகு பிகாசோவின் படத்தைக் காட்டுங்கள், பயப்படாமல் பார்ப்பார்கள். அந்த மண் உருவத்தைச் செய்த குயவரிடமும் பேசச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிய தலைக்கு எவ்வளவு பெரிய கை என்று அவர் எந்த அளவுகோலும் இல்லாமல் முடிவு செய்கிறார். அந்தக் கணக்கு எந்த வரைகலைப் புத்தகத்திலும் இல்லை.

கூத்துக்காரர்களின் ஒப்பனை இடத்துக்கும் அழைத்துப் போகலாம். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடமும் புஜமும் ஒரு சாதாரண மனிதரை எப்படி இரண்டு மடங்கு அகலமாக்குகின்றன என்பதைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். நேற்று வயலில் பார்த்தவர்தான் இன்று கர்ணன். ஸ்ரீநிவாசுலுவின் மேளக்காரரும் கண்ணனும் ஏன் ஒரே முகத்தோடு இருக்கிறார்கள் என்பது அப்போது யாரும் சொல்லாமலே புரியும்.

அம்மையார்குப்பத்துக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் வருகிறேன் என்றேன். அங்கே தறிவீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டம் போட்ட தாளில் பூவைக் கட்டம் கட்டமாக நிரப்பி, அதை ஜக்கார்டு அட்டையில் துளையாக்குவது தெரிந்த விஷயம். வளைந்த மயில் கழுத்து கட்டத்தில் விழும்போது படிக்கட்டாக மாறும். அதை மறைக்காமல் அப்படியே பெரிதாக வரையச் சொல்லுங்கள். அப்பாவின் தறியில் ஓடுவதும் ஓவியம்தான் என்று தெரிந்த பிள்ளைக்கு ஓவிய வகுப்பு இன்னொருவர் வீடாக இருக்காது.

காளஹஸ்தியை எப்படி விடுவது? ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். அங்கே துணியைக் கடுக்காயிலும் பாலிலும் நனைத்துக் காயவைத்து, மூங்கில் குச்சியில் துணி சுற்றிய எழுதுகோலால் ராமாயணம் எழுதுகிறார்கள். அதற்கான கருப்பு மை பழைய இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு எடுத்தது. படிகாரம் தொட்ட இடத்தில் சிவப்பு பிடிக்கும். 1950களில் அரசின் பயிற்சி மையம் வந்து அழியாமல் காத்த வேலை. உங்களுக்கு இதில் கிடைக்கப்போவது ஒரு கூடுதல் வசதி: வண்ணப்பெட்டி வாங்கக் காசில்லாத பிள்ளைக்கு மஞ்சள், காவி, செம்மண், சுண்ணாம்பு, அடுப்புக்கரி, புளியங்கொட்டைப் பசை போதும். ஜாமினி ராயும் கடைச் சாயத்தை விட்டு மண்ணுக்கும் புளியங்கொட்டைப் பசைக்கும் வந்தவர்தான்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு வேலைக்கு எடுத்தபோது ஓவியமும் அதில் ஒரு பாடம். வாரத்துக்கு மூன்று அரைநாள். சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, பணி நிரந்தரத்துக்கான கோரிக்கை மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. தேர்வு நெருங்கினால் ஓவிய வேளை கணக்குக்குப் போய்விடும். இந்த நிலையில் இருப்பவர்களிடம் படுகளத்துக்குப் போங்கள், காளஹஸ்திக்குப் போங்கள் என்று கேட்பது அதிகம்தான். ஆனாலும் கேட்கிறேன், ஏனென்றால் பிள்ளையின் கையைப் பிடித்து இதைக் காட்டக்கூடியவர்கள் இந்த வட்டாரத்தில் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. பெற்றோருக்கு அது சாமி காரியம். பிள்ளைக்கு அது திருவிழா. அதை ஓவியமாகப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் ஒரே ஆள் நீங்கள்.

2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாப் போட்டிகளில் நம் பிள்ளைகள் கலந்துகொள்கிறார்கள். மகிழ்ச்சி. போட்டி என்றதும் நாமும் சுற்றுச்சூழல், தேசத் தலைவர், இரண்டு மலைக்கு நடுவே சூரியன் என்று பழக்கிவிடுகிறோம். பரிசு கிடைக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் கண் எங்கே போனது? திரும்பி நிற்கும் யானையை ஒரு பிள்ளை கோணலாக வரைந்து வந்தால், தயவுசெய்து அழிப்பானை எடுக்காதீர்கள். தும்பிக்கை இப்படி இருக்காது என்று திருத்தாதீர்கள். ஏன் இப்படி நீளமாகப் போட்டாய் என்று கேளுங்கள். அது ஊருக்குப் போகணும்னு எட்டிப் பார்க்குது என்று பதில் வந்தால் நீங்கள் ஓர் ஓவியரின் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

திருத்தணியிலிருந்து சென்ட்ரலுக்கு நேராக மின்சார ரயில் இருக்கிறது. அங்கிருந்து எழும்பூர் அருங்காட்சியகம் பக்கம்தான். கவின்கலைக் கல்லூரியும் அந்தப் பக்கமே. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பத்துப் பிள்ளைகளையாவது அழைத்துப் போக ஊர்ப் பெரியவர்களிடம் கேட்போம். கொடைக்குக் குறைவில்லாத ஊர் இது; படிக்கட்டுக்குக் கல் போட்டவர்கள் பேர்கள் மலையெங்கும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கொடைகளுக்கு முன்னால் ரயில் கட்டணம் ஒன்றுமே இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வரைவதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் பெயர், ஊர், வகுப்பு, தேதி, எந்தத் திருவிழாவைப் பார்த்து வரைந்தது என்று எழுதவைத்து ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து வையுங்கள். வரும் ஆடிக் கிருத்திகைக்கு அந்தப் படங்களைப் பள்ளிச் சுவரில் மாட்டிவைக்கலாம். காவடி எடுத்து வருகிறவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வருவார்கள், பார்க்கட்டும். பெட்டிக்கும் சட்டத்துக்கும் ஆகும் செலவில் என் பங்கை நான் தருகிறேன். எந்தப் பள்ளி முதலில் தொடங்கினாலும் மாட்டுகிற அன்று ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரர் ஒருவர்
திருத்தணி